சந்தாவில் வாழும் நூலகம்: பல்கலைக்கழகங்களும் இணையத் தரவுத்தளங்களும்

ஒரு பல்கலைக்கழக நூலகம் தன் வாசகருக்கு வேண்டியதை விலைகொடுத்து வாங்கித் தன்னிடமே வைத்திருக்க வேண்டுமா? அல்லது, எங்கோ இருப்பதை வேண்டும்போது எடுத்துப் படிக்க வழிசெய்து கொடுத்தாலே அதன் கடமை தீர்ந்துவிடுமா? நூலகவியலார் ‘உடைமையா, அணுகலா’ என்று சுருக்கிச் சொல்லும் இந்தக் கேள்வி இணையத்தோடு பிறந்ததல்ல. ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்துத் தொழில்நுட்பத்தையும் கையிருப்பையும் பார்த்து ஒரு பதில் சொல்லி வந்திருக்கிறது.

இந்தியாவில் அந்தக் கேள்வி இப்போது மீண்டும் மேலெழுந்திருக்கிறது. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 மின்னிதழ்கள், 6,300க்கு மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு எட்டும்படி வகுக்கப்பட்ட திட்டம் இது. பெரிய ஆய்விதழ்களின் பெயரை மட்டுமே கேள்விப்பட்டிருந்த பல அரசுக் கல்லூரிகளுக்கு அவற்றின் உள்ளடக்கமே கைக்கு வந்துவிட்டது. இதை வரவேற்காமல் இருக்க முடியாது. ஆனால் வந்தது என்ன, எத்தனை காலத்துக்கு வந்தது, அதில் எது இல்லை என்ற கேள்விகளுக்கு இந்த வரவே விடையாகிவிடாது. இதுவரை முன்வைக்கப்பட்ட பதில்களை அவற்றின் தோற்றத்தோடும் குறைகளோடும் இக்கட்டுரை பார்க்கிறது. தமிழாய்வைப் பொறுத்தவரை அந்தப் பதில்கள் எல்லாம் ஒரே இடத்தில் நின்றுவிடுகின்றன என்பது இதன் கருத்து.

அலமாரியும் அடைவும்

முதல் பதில் உடைமையின் பக்கம் நின்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக 1924இல் பொறுப்பேற்ற சீர்காழி இராமாமிர்த ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது. பூட்டிய அலமாரிகளைத் திறந்து வாசகரே போய் எடுக்கும் வழக்கத்தை அவர் சென்னையில் கொண்டுவந்தார். இந்தப் பார்வையில் நூலகத்தின் பெருமை அடுக்கின் நீளத்தில் இல்லை. அடுக்கிலிருந்து வாசகர் கைக்கு நூல் போய்ச் சேரும் வேகத்தில் இருக்கிறது. எனினும் நூல் முதலில் அடுக்கில் இருந்தாக வேண்டும். உடைமை இல்லாத பயன்பாட்டை நினைக்க அன்று வழியில்லை.

அந்த நம்பிக்கையை முதலில் அசைத்தது ஒரு கணக்கு. லண்டன் அறிவியல் அருங்காட்சியக நூலகராக இருந்த சாமுவேல் பிராட்ஃபோர்டு 1934இல் ஓர் ஒழுங்கைச் சுட்டிக்காட்டினார். ஒரு துறையின் கட்டுரைகளில் மூன்றில் ஒரு பங்கு, விரல்விட்டு எண்ணக்கூடிய மைய இதழ்களில் வந்துவிடும். அடுத்த ஒரு பங்குக்குப் பல மடங்கு இதழ்களைத் தேட வேண்டும். கடைசிப் பங்குக்கு அதனினும் பல மடங்கு. எந்த நூலகமும் எல்லாவற்றையும் வாங்கிவிட முடியாது என்பதே இதன் பொருள். 1952இல் டெல்லியில் தொடங்கப்பட்ட இந்திய தேசிய அறிவியல் ஆவண மையம் இந்தக் குறையை நிரப்ப முயன்றது. எந்த இதழ் எந்த நூலகத்தில் இருக்கிறது என்ற ஒன்றியப் பட்டியலைத் தொகுத்தது. கேட்டவருக்கு நகலெடுத்து அனுப்பியது. அணுகல் என்ற கருத்து இந்தியாவில் கணினிக்கு முன்பே, தபால் உறைக்குள் பயணம் செய்திருக்கிறது.

பகிர்ந்துகொள்ள வேண்டுமானால் எது எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஆகவே அடைவுகள். ஜான் ஷா பில்லிங்ஸ் 1879இல் தொடங்கிய மருத்துவ இதழ் அடைவும், அமெரிக்க வேதியியல் கழகம் 1907 முதல் வெளியிட்ட வேதியியல் சுருக்கத் தொகுப்பும் இன்றைய தரவுத்தளங்களின் நேர் முன்னோர்கள். மருத்துவ அடைவு கணினிக்கு மாறி, கடைசியில் 1997இல் ‘பப்மெட்’ என்ற பெயரில் உலகுக்கே கட்டணமின்றித் திறக்கப்பட்டது. வேதியியல் தொகுப்பு சந்தாவுக்குள்ளேயே நின்றது. அதன் அச்சுப் பதிப்பு 2010 தொடக்கத்தில் நின்றுபோனது. ஒரே வகைப் பணி இரு வழியில் பிரிந்ததற்குத் தொழில்நுட்பம் காரணமல்ல. முதலாவதை நடத்தியது அரசு நூலகம். இரண்டாவதை நடத்தியது தன் வருவாயைத் தானே தேட வேண்டியிருந்த ஒரு கழகம்.

மூன்றாவது வகை அடைவு இவற்றிலிருந்து வேறுபட்டது. யூஜின் கார்ஃபீல்டு 1955இல் முன்மொழிந்து 1964இல் வெளிக்கொணர்ந்த அறிவியல் மேற்கோள் சுட்டு, ஒரு கட்டுரையைப் பின்னால் யார் யார் எடுத்தாண்டார்கள் என்பதைத் தொடர்ந்து செல்ல உதவியது. தேடலுக்கென்று பிறந்த அந்தக் கருவி காலப்போக்கில் மதிப்பிடும் அளவுகோலாக மாறியது. ஆசிரியர் பணி நியமனம், பதவி உயர்வு, நிறுவனத் தரவரிசை எல்லாவற்றிலும் அந்த வழியில் வந்த தரவுத்தளங்களின் எண்கள் நுழைந்துவிட்டன. ஆகவே ஒரு நூலகம் அவற்றின் சந்தாவை நிறுத்த நினைத்தால், வாசகர் தேவையோடு நிர்வாகத்தின் தேவையும் குறுக்கே நிற்கிறது.

கட்டாக வாங்கும் காலம்

1990களின் நடுவில் இதழ்கள் இணையத்துக்கு வந்தபோது பதிப்பகங்கள் விற்பனை முறையையே மாற்றின. 1996இல் அகாடமிக் பிரஸ் தொடங்கி வைத்த முறையில், நூலகம் ஏற்கெனவே கட்டிவரும் தொகைக்குச் சற்று மேல் கொடுத்தால் பதிப்பகத்தின் இதழ்கள் அனைத்தும் கிடைக்கும். சிறிய நூலகங்களுக்கு இது பெரிய லாபமாகத் தோன்றியது. தொடக்கத்தில் லாபமாகவே இருந்தது என்பதையும் மறுக்க வேண்டியதில்லை.

விஸ்கான்சின் பல்கலைக்கழக நூலகர் கென்னத் ஃப்ரேஸியர் 2001இல் எழுதிய கட்டுரை இதன் மறுபக்கத்தைக் காட்டியது. கட்டுக்குள் இருக்கும் தேவையற்ற இதழைத் தனியே நிறுத்த முடியாது; ஆண்டுதோறும் விலை ஏறும்போது பணம் போதாமல் வெட்டுப்படுவது கட்டுக்கு வெளியே நிற்கும் சிறு கழகங்களின் இதழ்களும் புத்தகங்களும்தான் என்பது அவர் எச்சரிக்கை. பின்வந்த ஆண்டுகள் அதைப் பெருமளவு மெய்ப்பித்தன. 2013இல் வெளியான ஆய்வுக் கட்டுரைகளில் பாதிக்கு மேல் ஐந்து பெரும் பதிப்பகங்களின் வழியே வந்தவை என்று லாரிவியேரும் உடனாய்வாளர்களும் 2015இல் கணக்கிட்டனர். உலகின் செல்வச் செழிப்பான பல்கலைக்கழகங்களில் ஒன்றான ஹார்வர்டே, இதழ்களுக்கு ஆண்டுக்கு 37.5 லட்சம் டாலர் அளவில் போவது தாங்காது என்று 2012இல் தன் ஆசிரியர்களுக்கு எழுதியது.

விலையினும் மோசமானது அதைச் சூழ்ந்த மறைவு. ஒப்பந்தத் தொகையை வெளியிடக் கூடாது என்று பல ஒப்பந்தங்களில் விதி இருந்தது. பொருளியலாளர் தியோடர் பெர்க்ஸ்ட்ராமும் உடனாய்வாளர்களும் அமெரிக்காவின் தகவல் உரிமைச் சட்டங்களைப் பயன்படுத்திப் பல்கலைக்கழக ஒப்பந்தங்களைப் பெற்று 2014இல் ஒப்பிட்டபோது, ஏறக்குறைய ஒரே அளவுள்ள நிறுவனங்கள் ஒரே கட்டுக்கு மிக வேறுபட்ட தொகைகளைக் கட்டியிருந்தது தெரியவந்தது. பக்கத்துக் கடையில் என்ன விலை என்று கேட்க முடியாத சந்தையில் பேரம் பேசுவது எப்படி?

இந்தியாவின் விடை கூட்டமைப்புகள். 1991இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் திட்டமாகத் தொடங்கி 1996இல் தன்னாட்சி மையமான இன்ஃப்லிப்நெட், பல்கலைக்கழகங்களுக்காக ஒரு மின்னிதழ்க் கூட்டமைப்பை 2004 முதல் நடத்தியது. தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு இன்டெஸ்ட், கல்லூரிகளுக்கு என்-லிஸ்ட் என்று தனித்தனியே இருந்தவை 2015இல் இ-ஷோத்சிந்துவாக இணைந்தன. எந்த நூலகமும் தனியாகப் பெற முடியாத விலையைக் கூட்டமைப்பு பெற்றுத்தந்தது உண்மை. ஆனால் எந்த இதழ் வேண்டும் என்ற முடிவு நூலகரின் மேசையைவிட்டுப் போய்விட்டது.

கையில் இருப்பது எது

அச்சு இதழுக்குச் சந்தா நிறுத்தினால் அதுவரை வாங்கிய இதழ்கள் அலமாரியில் இருக்கும். தரவுத்தளச் சந்தா நின்றால் என்ன மிஞ்சும் என்பது ஒப்பந்தத்தின் ஒரு பத்தியில் அடங்கியிருக்கிறது. சந்தா கட்டிய ஆண்டுகளின் இதழ்களைப் பிறகும் படிக்க உரிமை உண்டா? உண்டென்றால் யாருடைய கணினியிலிருந்து? நூலகத்துக்கு வரும் வெளியாள் படிக்கலாமா? வேறு கல்லூரி கேட்டால் ஒரு கட்டுரையை அனுப்பலாமா? அச்சு நூலைப் பொறுத்தவரை இவற்றில் பலவற்றைப் பதிப்புரிமைச் சட்டமே தீர்த்துவைக்கிறது. டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் பாடத் தொகுப்புகளை நகலெடுத்ததற்கு எதிராகப் பதிப்பகங்கள் தொடுத்த வழக்கை டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2016 செப்டம்பரில் தள்ளுபடி செய்தபோது நின்றது சட்டத்தில் இருந்த கல்வி விலக்கின் மேல்தான். தரவுத்தளத்தில் வாசகரின் அன்றாட உரிமையை வரையறுப்பது பெரும்பாலும் ஒப்பந்தம். சட்டம் நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்படுகிறது. ஒப்பந்தத்துக்கு அப்படி ஒரு மேடை இல்லை.

இந்தக் கவலை வெறும் ஊகமல்ல. 2022 ஆகஸ்டில் வைலி பதிப்பகம் புரோக்வெஸ்ட்டின் கல்வி மின்னூல் தொகுப்பிலிருந்து 1,300க்கு மேற்பட்ட நூல்களை விலக்கிக்கொண்டது. பருவம் தொடங்கும் வேளையில் பாடநூல் பட்டியல்கள் குலைந்தன. எதிர்ப்புக்குப் பிறகே அவை தற்காலிகமாகத் திரும்பின. புரோக்வெஸ்ட்டை வாங்கியிருந்த கிளாரிவேட் நிறுவனம், மின்னூல்களை ஒருமுறை விலைக்கு வாங்கி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் வழியையே மூடப்போவதாக 2025 பிப்ரவரியில் அறிவித்தது. நூலகங்களின் கண்டனத்தால் கெடு தள்ளிப்போனதே தவிர, போக்கு எந்தப் பக்கம் என்பது தெளிவாகிவிட்டது.

இதற்கு மாற்றாக மூன்று ஏற்பாடுகள் வளர்ந்திருக்கின்றன. 1995இல் மெல்லன் அறக்கட்டளை உருவாக்கிய ஜேஸ்டோர், பழைய இதழ்களின் முழுத் தொடரையும் நீடித்துக் காப்பதாகப் பொறுப்பேற்றது. ஸ்டான்ஃபோர்டில் பிறந்த லாக்ஸ், ஒரே உள்ளடக்கத்தைப் பல நூலகங்களின் கணினிகளில் பிரதியெடுத்து வைக்கிறது. போர்ட்டிகோ, பதிப்பகம் மூடினாலோ கைவிட்டாலோ திறக்கும் இருட்டுக் களஞ்சியம். மூன்றும் நல்ல முயற்சிகள். ஆனால் அவை காப்பது பெரும்பாலும் பெரிய பதிப்பகங்களின் இதழ்களை. ஒரு மாவட்டத் தலைநகரிலிருந்து வரும் சிற்றிதழ் அந்தப் பாதுகாப்புக்குள் வருவது அரிது.

உடைமையே காவல் என்று திரும்பிப் போகவும் முடியாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்களோடு வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் போயின. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் தாக்கப்பட்டபோது அதன் நூற்பட்டியலே பல வாரம் கிடைக்கவில்லை. பிரிட்டனின் முனைவர் பட்ட ஆய்வேடுகளின் தொகுப்பு அதற்குப் பின்னும் நெடுநாள் மூடிக் கிடந்தது. ஒரே இடத்தில் இருப்பது எதுவானாலும், காகிதமோ மின்கோப்போ, ஒரே நாளில் போகலாம். ஆகவே உடைமையா அணுகலா என்று கேட்பதைவிடப் பிரதிகள் எத்தனை, எத்தனை கைகளில் என்று கேட்பது பொருத்தமாகலாம்.

ஒரே சந்தா என்ற பதில்

கூட்டமைப்பை நாடளவுக்கு விரித்தால் தேசியச் சந்தா. ஐஸ்லாந்து இதைச் சிறிய அளவில் நெடுங்காலமாகச் செய்துவருகிறது. எகிப்தின் அறிவு வங்கி 2016 முதல் நாட்டு மக்கள் எல்லோருக்குமே திறந்திருக்கிறது. இந்தியத் திட்டம் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாயை ஒதுக்கியது, பயனாளர் 1.8 கோடிப் பேர் என்பது அரசின் கணிப்பு. வகுத்துப் பார்த்தால் ஆண்டுக்கு ஒருவருக்குச் சுமார் 1,100 ரூபாய். ஓர் இதழின் தனிச் சந்தாவே பல இடங்களில் இதைவிடப் பல மடங்கு என்பதால் இந்தக் கணக்கு கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் பயனாளர் எண்ணிக்கை வேறு, பயன்படுத்துவோர் எண்ணிக்கை வேறு. முதலாண்டு இளங்கலை மாணவரையும் ஆய்வாளரையும் ஒரே வகுத்தியில் போட்டால் வரும் சராசரி அதிகம் சொல்லாது.

ஆதரிப்போரின் வாதம் சமத்துவம். பெங்களூரு அறிவியல் கழகத்தில் இருப்பவர் படிப்பதைத் தர்மபுரி அரசுக் கல்லூரியில் இருப்பவரும் படிக்கலாம். இந்த வாதத்தின் வலிமையைக் குறைத்துப் பேசக் கூடாது. இதழ் கிடைக்காததால் ஆய்வுத் தலைப்பையே மாற்றிக்கொள்ளும் நிலை இந்தியக் கல்லூரிகளுக்குப் புதிதல்ல. விமர்சகர்கள் மூன்று இடங்களைத் தொடுகிறார்கள். முதல் கட்டத்தில் தனியார் நிறுவனங்கள் இல்லை. சுயநிதிக் கல்லூரிகள் இத்தனை பெருகிய தமிழ்நாடு போன்ற மாநிலத்தில் இது சிறிய விடுபடல் அல்ல. அடுத்து, உலகம் திறந்த அணுகலை நோக்கி நகரும்போது இவ்வளவு பணம் சந்தா முறைக்கே உரமாகிறது. கடைசியாக, இந்திய மொழிகளிலும் இந்தியக் கழகங்களிலும் வெளியாகும் இதழ்கள் இந்தத் தொகையால் வலுப்பெறுமா என்ற ஐயம்.

அணுகலைத் தருவது பாதி வேலையே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வளாகத்தின் ஐ.பி. முகவரியை வைத்துத் திறக்கும் தரவுத்தளம், வீட்டிலிருந்து கைப்பேசியில் தேடும் மாணவியை அடையாளம் காணாது. அவருக்கு நிறுவனக் கணக்கு, கடவுச்சொல், அதை முடுக்கித் தரும் ஒருவர் வேண்டும். நிரந்தர நூலகர் பணியிடம் காலியாகக் கிடக்கும் கல்லூரியில் அந்த ஒருவர் யார்?

திறந்துவிடுதலும் அதன் செலவும்

வாங்குவதா வாடகைக்கு எடுப்பதா என்ற கேள்வியையே கடந்துபோக முயன்றது திறந்த அணுகல் இயக்கம். பால் கின்ஸ்பார்க் 1991இல் தொடங்கிய ஆர்க்கைவ், இயற்பியலாளர் தம் கட்டுரைகளை இதழுக்கு முன்பே பகிரும் இடமானது. 2002இன் புடாபெஸ்ட் அறிக்கை கொள்கையை வகுத்தது. 2018இல் ஐரோப்பிய நிதி நல்கும் அமைப்புகள் ‘பிளான் எஸ்’ என்ற பெயரில் அதைக் கட்டாயமாக்க முனைந்தன. பிவோவரும் உடனாய்வாளர்களும் 2018இல் செய்த மதிப்பீட்டின்படி, 2015இல் வெளியான கட்டுரைகளில் ஏறத்தாழ 45 சதவீதம் ஏதோ ஒரு வழியில் கட்டணமின்றிப் படிக்கக் கிடைத்தது.

ஆனால் பல இடங்களில் கட்டணம் மறையவில்லை, படிப்பவரிடமிருந்து எழுதுபவருக்கு நகர்ந்தது. நேச்சர் இதழ் 2020இல் அறிவித்த கட்டணம் ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ. இந்திய மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளரால் நினைத்துப் பார்க்க முடியாத தொகை இது. படிக்க முடியாமல் இருந்த ஏழை நாட்டு ஆய்வாளர், படிக்க முடிந்தும் எழுத முடியாதவராக ஆவது முன்னேற்றம்தானா?

இலத்தீன் அமெரிக்கா வேறொரு பாதையைக் காட்டியது. 1998இல் பிரேசிலில் தொடங்கிய சைலோ, பொதுப் பணத்தில், ஸ்பானிய, போர்த்துக்கீசிய மொழி இதழ்களைப் பெரும்பாலும் இருபுறமும் கட்டணமின்றி வெளியிடுகிறது. பல்கலைக்கழகங்களும் கழகங்களும் இதழைத் தாமே நடத்துகின்றன. திறந்த அணுகலின் வகைகளில் இந்தியச் சூழலுக்கு மிக அருகில் வருவது இதுவே என்று தோன்றுகிறது.

சட்டத்துக்குப் புறம்பான விடையையும் ஆய்வுக் கட்டுரை தவிர்க்க முடியாது. 2011இல் அலெக்ஸாண்ட்ரா எல்பாக்யான் தொடங்கிய சை-ஹப்பிலிருந்து, 2015 செப்டம்பரில் தொடங்கி ஆறு மாதங்களில் இந்தியாவில் மட்டும் சுமார் 34 லட்சம் கட்டுரைகள் இறக்கப்பட்டதாக சயன்ஸ் இதழ் 2016இல் பதிவுகளை ஆராய்ந்து எழுதியது. எல்செவியர், வைலி, அமெரிக்க வேதியியல் கழகம் மூன்றும் 2020 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன; 2025 ஆகஸ்டில் தளத்தை இந்தியாவில் முடக்க உத்தரவானது. அந்த 34 லட்சத்தைத் திருட்டு என்று மட்டும் பார்ப்பதும், உரிமைப் போர் என்று மட்டும் பார்ப்பதும் போதாது. முறையான நூலகச் சேவை எட்டாத இடம் எவ்வளவு பெரிது என்பதற்கு அது ஓர் அளவீடாகவும் நிற்கிறது.

அடைவுக்கு வெளியே தமிழ்

இதுவரை பார்த்த பதில்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஓர் ஊகம் உண்டு. தேட வேண்டியது எங்கோ அடைவில் ஏறியிருக்கிறது. யார் பணம் கட்டுவது என்பதே சிக்கல். தமிழாய்வில் இந்த ஊகம் பொய்க்கிறது. கிளாரிவேட்டின் வெப் ஆஃப் சயன்ஸ், எல்செவியரின் ஸ்கோப்பஸ் போன்ற மேற்கோள் சுட்டுகளில் தமிழில் வெளியாகும் இதழ்கள் இல்லையென்றே சொல்லத்தக்க அளவில் குறைவு. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் ‘செந்தமிழ்’ இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதலும், ‘செந்தமிழ்ச் செல்வி’ 1923 முதலும் சுமந்துவந்த ஆய்வுக் கட்டுரைகளை எத்தனை கோடிச் சந்தாவும் ஒரு சொடுக்கில் கொண்டுவராது.

தமிழில் அடைவு மரபு இல்லாமல் இல்லை. ஜான் மர்டாக் 1865இலேயே தமிழ் அச்சு நூல்களின் வகைப்படுத்திய பட்டியலை வெளியிட்டார். 1867ஆம் ஆண்டின் அச்சக, நூல் பதிவுச் சட்டத்தால் திரண்ட பதிவுகளிலிருந்து தமிழ்நாட்டில் 1960களில் ‘தமிழ்நூல் விவர அட்டவணை’ எழுந்தது. 1966இல் தனிநாயகம் அடிகள் கோலாலம்பூரில் வெளியிட்ட தமிழியல் வழிகாட்டி இன்றும் எடுத்துப் பார்க்கத்தக்கது. அது புத்தகங்களோடு நிற்கிறது என்பதை அதன் தலைப்பே சொல்லிவிடுகிறது. நூலுக்கு நூல் பட்டியல் உண்டு. இதழுக்குள் இருக்கும் கட்டுரைக்குத்தான் பரவலான, தொடர்ந்து புதுப்பிக்கப்படும் அடைவு உருவாகவில்லை.

வருடல் பணி குறைவில்லாமல் நடந்திருக்கிறது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், சிகாகோ பல்கலைக்கழகத்தின் துணையோடு 1994இல் சென்னையில் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், 2005 முதல் ஈழத்து எழுத்தைத் திரட்டும் நூலகம் திட்டம் ஆகியவை இல்லையென்றால் இன்றைய ஆய்வாளரின் வேலை பாதி நடக்காது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பேரகராதியைச் சிகாகோவின் தளத்தில் யாரும் கட்டணமின்றித் தேடலாம். ஆனால் படிமம் வேறு, அடைவு வேறு. ஓர் இதழின் எண்பது பக்கத்தை வருடி ஒரே கோப்பாக ஏற்றினால், அதில் கானல்வரி பற்றி ஒரு கட்டுரை இருப்பது திறந்து பார்ப்பவருக்கு மட்டுமே தெரியும்.

ஷோத்கங்காவை எடுத்துக்கொள்வோம். 2009இன் விதிமுறையால் ஆய்வேடுகளை மின்வடிவில் அளிப்பது கட்டாயமாகி, இன்று ஐந்து லட்சத்துக்கு மேற்பட்டவை அங்கே குவிந்திருக்கின்றன. உலக அளவில் பெருமைப்படத்தக்க திறந்த தொகுப்பு இது. அதில் சிலப்பதிகாரம் பற்றிய தமிழ் ஆய்வேடுகளைத் தேடப் புகுந்தால் முதல் தடை தலைப்பு. ரோமன் எழுத்தில் பதிந்தவர் முதலெழுத்துக்கு ‘எஸ்’ போட்டிருக்கலாம், பேரகராதி முறையைப் பின்பற்றி ‘சி’ போட்டிருக்கலாம். நடுவில் ஒரு ‘பி’யா இரண்டா, ‘தி’க்கு ‘டி’யா ‘டிஎச்’சா என்பதெல்லாம் தட்டியவர் பழக்கம். தலைப்பைக் கடந்து உள்ளே போனால் எழுத்துரு. யூனிகோடு பரவுவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருவில் தட்டிய ‘அம்மா’ என்ற சொல் கண்ணுக்குத் தமிழ். கணினிக்கு அது ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்ற வரிசை. தேடுபொறி அந்தப் பக்கத்தைத் தமிழ்ப் பக்கமாகவே அறியாது.

எல்லாம் யூனிகோடில் இருந்தாலும் மொழியின் இயல்பு மிஞ்சுகிறது. சிலப்பதிகாரத்தை, சிலப்பதிகாரத்தின், சிலப்பதிகாரமும் என்று வேற்றுமை ஏற்று நிற்கும் சொற்களை, முன்பகுதியை மட்டும் கொடுத்துத் தேடிப் பிடிக்கலாம். ‘காப்பியம்’ என்று தேடுபவருக்கு ‘ஐம்பெருங்காப்பியம்’ அகப்படுவது கடினம். ஆங்கிலத்துக்காகக் கட்டிய தேடுபொறிக்குத் தமிழ்ப் புணர்ச்சி விதி சொல்லிக்கொடுத்தாலன்றித் தெரியாது. பணம் கட்டி வாங்கும் எந்த உரிமத்திலும் இதற்கு மருந்து இல்லை. இது தமிழறிஞரும் கணினியியலாரும் நூலகரும் ஒன்றாக உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலை.

வேறு மொழிகள் இதை எப்படிக் கையாண்டன? சீனம் தனக்கென ஒரு தரவுத்தளத்தைக் கட்டியது. 1999இல் தொடங்கிய சிஎன்கேஐ, சீன மொழி ஆய்விதழ்களின் மாபெரும் தொகுப்பு. ஆனால் அதுவே ஏகபோகமாகி விலையை உயர்த்தியதால் சீன அறிவியல் கழகம் 2022இல் சந்தாவை நிறுத்திவைத்தது. அதே ஆண்டின் இறுதியில் போட்டி ஒழுங்குமுறை அமைப்பு 8.76 கோடி யுவான் அபராதம் விதித்தது. சொந்த மொழியில் இருப்பதால் மட்டும் தரவுத்தளம் பொதுச் சொத்தாகிவிடாது. சைலோவோ முதலிலிருந்தே திறந்த அடைவாக இருந்தது. அடைவையே திறந்துவைக்கும் போக்கு இப்போது ஐரோப்பாவிலும் வலுப்பெறுகிறது: சோர்போன் பல்கலைக்கழகம் 2024இல் வெப் ஆஃப் சயன்ஸ் சந்தாவை விட்டுவிட்டு, 2022இல் தொடங்கிய ஓப்பன்அலெக்ஸ் என்ற திறந்த அடைவின் பக்கம் நகர்ந்தது. அதிலும் தமிழ்க் கட்டுரை தானாக ஏறிவிடாது. கட்டுரைக்கு நிலையான எண்ணும் ஒழுங்கான தலைப்பு விவரமும் இருந்தால்தான் ஏறும். அவற்றை இட வேண்டியவர் இதழை நடத்துபவர்.

தீராமல் நிற்பவை

திரட்டிப் பார்த்தால், உடைமை ஒன்றே வழி என்ற பழைய நிலை நிற்காது. அணுகல் போதும் என்ற நிலைக்கும் 2022க்குப் பிந்தைய நிகழ்வுகள் வலுவான மறுப்பு. இரண்டுக்கும் நடுவே, சந்தா முடிந்தபின் என்ன மிஞ்சும் என்பதை ஒப்பந்தத்திலேயே உறுதிசெய்வதும், நாட்டுக்குள் ஒரு பிரதியை வைத்திருப்பதும் நியாயமான கோரிக்கைகளாகத் தெரிகின்றன.

தரவுத்தளம் வாசிப்பை விரிக்கிறதா குறுக்குகிறதா என்பதிலும் ஒருமித்த முடிவு இல்லை. இதழ்கள் இணையத்துக்கு வரவர மேற்கோள்கள் அண்மைக் காலத்துக் கட்டுரைகளிலும் குறைந்த எண்ணிக்கையிலான கட்டுரைகளிலும் குவிகின்றன என்று ஜேம்ஸ் எவன்ஸ் 2008இல் எழுதினார். லாரிவியேரும் மற்றவர்களும் அடுத்த ஆண்டே வேறு கணக்குகளோடு மறுத்தார்கள். இரு தரப்பும் பயன்படுத்தியது மேற்கோள் சுட்டுத் தரவை. அதற்குள் வராத மொழிகளின் வாசிப்புப் பழக்கம் பற்றி அந்த விவாதத்திலிருந்து எதுவும் பெற முடியாது.

தேசியச் சந்தாவின் முதல் கட்டம் 2027இல் முடிகிறது. அப்போது இறக்கப்பட்ட கட்டுரைகளின் எண்ணிக்கை கணக்கில் வரும். எந்தக் கல்லூரியில், எந்தத் துறையில், நூலகர் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் என்ன வேறுபாடு என்று பிரித்துப் பார்க்கும் விவரம் பொதுவெளிக்கு வந்தால்தான் திட்டத்தை மதிப்பிட முடியும். தனியார் கல்லூரிகளைச் சேர்ப்பதா என்பதும் அந்த விவரத்தைப் பொறுத்தே நியாயமாக முடிவாக வேண்டும்.

தமிழ் இதழ்களின் கட்டுரை அடைவு இதில் எந்தக் கணக்கிலும் வராது. நூறாண்டுக்கு மேற்பட்ட இதழ்களின் பொருளடக்கப் பக்கங்களை ஆசிரியர், தலைப்பு, பொருள், பக்கம் என்று யூனிகோடில் ஏற்றுவதற்குப் பெரும் ஆராய்ச்சி எதுவும் வேண்டாம்; பயிற்சி பெற்றவர்களும் தொடர்ந்த ஊதியமும் பொதுவான விதிமுறையும் வேண்டும். படிமங்கள் மூன்று நான்கு நிறுவனங்களிடம் பிரிந்து கிடக்கின்றன. அவற்றுள் ஒன்று முன்கை எடுப்பதா, பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகள் ஆளுக்கு ஓர் இதழாகப் பிரித்துக்கொள்வதா, மாநில அரசு இதற்கென்று தனியே நிதி ஒதுக்குவதா என்பது இனிமேல்தான் பேசி முடிக்கப்பட வேண்டும்.